ஏறும் கம்பியும் விழும் தரையும்
(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



மதரஸாவை அடுத்த காலியிடத்தில் பிள்ளைகள் ஏறி விளையாட இரும்புக் கம்பிக்கூண்டு அமைக்க நிர்வாகக் குழு எண்ணியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நாயகம் (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகின்மீது ஏறிக்கொள்ள, அப்பிள்ளையை அவசரப்படுத்த விரும்பாமல் ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். ஏறுவது பிள்ளைகளின் இயல்பு. நாம் இடம் தராவிட்டால் மதில்மேலும், கரையேற்றிய வள்ளத்தின்மேலும் ஏறத்தான் போகிறார்கள். அமெரிக்காவில் ஹின்டன் என்ற வழக்கறிஞர் 1920களில் இத்தகைய கூண்டுக்குக் காப்புரிமை பெற்றதும் இவ்வியல்பை அறிந்தே.

என் கவலை கூண்டைப் பற்றியதன்று. அதன் கீழுள்ள தரையைப் பற்றியது. வரைபடத்தில் சிமெண்ட் தளம் என்று எழுதியிருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஊரில் அத்தகைய தளத்தில்தான் என் மகன் விழுந்து முன்கையை முறித்துக்கொண்டான். ஆறு வாரம் மாவுக்கட்டு. தலை தப்பியது அல்லாஹ்வின் அருள்.

விழாமல் ஏறப் பழகிய பிள்ளை இல்லை. ஐரோப்பியத் தரவிதி 3 மீட்டர் உயரம்வரை அனுமதிக்கிறது. நம் சிறுவர்களுக்கு ஒன்றரை மீட்டரே போதும் என்பது என் கருத்து. கூண்டின் கீழும், சுற்றிலும் ஒன்றரை மீட்டர் தூரத்திற்கும் 30 செ.மீ. ஆழம் தளர்ந்த மணல் வேண்டும். கடற்கரை மணலை அள்ளத் தடையுண்டு. விலைக்குத்தான் வாங்க வேண்டும். மிதிபட்டு இறுகும் மணலை வாரந்தோறும் கிளறிவிட வேண்டும். பூனைகளின் தொல்லைக்கு இரவில் தார்ப்பாய் மூடலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதை மறந்துவிடாதீர்கள். இடத்தை மேடாக்காவிட்டால் மணல் நிற்காது.

கம்பிகளுக்கு இடையிலான சந்து 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்டதாக இருக்கலாகாது. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அதுவே.

வர்ணம் மட்டும் பூசிய இரும்பை நம் உப்புக்காற்று என்ன செய்யும் என்பதற்கு நம் வீட்டுச் சன்னல் கம்பிகளே சாட்சி. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய்களே ஏற்றவை. அதுவும் வெல்டிங் செய்து முடித்தபின் முக்க வேண்டும். முன்னதாக முக்கினால் பற்றவைத்த இடங்களில் பூச்சு எரிந்து, அங்கிருந்தே துரு தொடங்கும்.

ஆகவே கூண்டில் ஓர் அடுக்கைக் குறைத்து, அத்தொகையை மணலுக்கு ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப்பலகை வைக்க விரும்பும் கொடையாளர்கள் மணலுக்கும் தரலாம். மணலில் பெயர் நிற்காது என்பது வேறு விஷயம். மாதம் ஒருமுறை திருகாணிகளைச் சோதிக்க இளைஞர் இருவர் பெயரை இன்றே எழுதிக்கொள்வோம்.