சட்டைக்கும் டேமேஜ், ஆத்துக்கும் டேமேஜா?

  

தமிழில் ஆங்கிலம் கலப்பது வசதியா, வம்பா? வம்புதான் என்று பேச வந்திருக்கிறேன். முப்பது வருஷமா தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன் வேற எப்படிப் பேசுவான்! (சிரிப்பு)

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கறேன். 'டேமேஜ்'. திருப்பூர் பனியன்ல தையல் பிரிஞ்சா டேமேஜ். பஸ் கண்ணாடி உடைஞ்சா டேமேஜ். சம்பந்தி முன்னால மாப்பிள்ளை உளறிட்டா, 'இமேஜே டேமேஜ்!' (கைதட்டல்)

"எல்லாத்துக்கும் ஒரே சொல், வசதிதானே?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, தமிழ்ல தையல் பிரியும், துணி கிழியும், சுவர் விரிசல் விடும், பால் திரியும், நிலம் பாழாகும். சொல்லும்போதே சரிபண்ண முடியுமா, முடியாதா என்பது தெரிஞ்சுடும். பிரிஞ்சதைத் தைக்கலாம். திரிஞ்ச பாலை மறுபடி பாலாக்க முடியுங்களா?

நம்ம நொய்யலைப் பாருங்க. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினாங்க. வந்து தேங்கினது சாயக்கழிவு. எந்த ஊர் விவசாயியும் 'அணையைத் திறந்து விடுங்க' என்றுதான் கேட்பான். இங்கே, 'திறந்துடாதீங்க சாமி' என்று கும்பிட்டான்!

2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பட்டறையை நம்பியிருந்த தொழிலாளி வீட்டு அடுப்பும் அன்னைக்கு அணைஞ்சுது. இரண்டு பக்கமும் கண்ணீர்தானுங்க.

கோர்ட்டு ஆங்கிலத்தில் 'டேமேஜ்' கூட ஒரு 'எஸ்' சேர்த்தால் நஷ்டஈடு என்று அர்த்தம். நஷ்டஈடு வேணும்தான். ஆனா உப்பேறின கிணத்தை ஒரு 'எஸ்' இனிப்பாக்குமா?

இலக்கணப்படி ஒன்று சொல்லி முடிக்கறேன். 'ஆறு டேமேஜ் ஆச்சு' என்றால், தானா ஆனமாதிரி இருக்கு. செய்தவன் தப்பிச்சுக்கறான். 'பாழாச்சு' என்றாலும் அதே கதைதான். 'பாழாக்கினோம்' என்று சொல்லிப் பாருங்க. சாயம் போட்டவன், வித்தவன், உடுத்தின நானு, எல்லோரும் அந்த 'ஓம்' விகுதிக்குள்ளே நிற்போம்.

சட்டைக்கு 'டேமேஜ்' போதும். ஆத்துக்கு மட்டும் நம்ம சொல்லைச் சொல்லுங்க. அப்பத்தான் உறுத்தும். உறுத்தினாத்தான் திருத்துவோம்.