மறைத்து வைக்கப்படும் ஒரு நோய்

பொகவந்தலாவைத் தோட்டங்களின் பழைய லயங்களில் ஒரு காம்பிராவின் இருமல் அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும். அத்தகைய இடத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு தொழிலாளி, தமது ஆண்குறி எழுச்சியுறும்போது ஒரு புறமாய் வளைந்து நோவதை எவரிடம் கூறுவார்? மனைவியிடமும் காரணம் சொல்லாது விலகிப் படுக்கின்றார். ஒழுக்கக்கேட்டால் வந்த வியாதி என்றும், புற்றுநோய் என்றும் உள்ளூர அஞ்சுகின்றார். அது இரண்டும் அன்று.

இதன் பெயர் பெய்ரோனி நோய். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் சத்திர வைத்தியராயிருந்த பெய்ரோனி 1743ஆம் ஆண்டில் இதனை விவரித்து, ஒரு வெந்நீரூற்றின் நீரை மருந்தாகக் கூறினார். அவர் பெயர் நிலைத்தது, மருந்து நிலைக்கவில்லை. ஆண்குறியினுள் குருதி நிரம்பும் பகுதிகளைச் சூழ்ந்து நெகிழ்வான உறையொன்று உண்டு. அதில் நேரும் சிறு காயங்கள் ஆறும்போது சிலருக்குத் தழும்பு தடித்துவிடுகின்றது. தழும்புள்ள பக்கம் நீளாது, மறுபக்கம் நீளும். ஆதலின் வளைவு உண்டாகின்றது. நீரிழிவு உடையோரிடத்து இது மிகுதி.

வைத்தியத்தில் காலமறிதலே முதன்மை. ஏறத்தாழ முதல் ஓராண்டு வளைவு மாறிக்கொண்டிருக்கும். அப்பொழுது சத்திரசிகிச்சை ஆகாது. நோவைத் தணிக்க மாத்திரை உண்டு. நெடுங்காலம் வழங்கப்பட்ட விற்றமின் ஈ வளைவை நிமிர்த்துவதாக நிறுவப்படவில்லை. எண்ணெயிட்டு அழுத்தி நிமிர்த்த முயல்வதோ புதிய காயத்தையே தரும். வளைவு நிலைத்தபின், தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசி ஒரு வழி. 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வளைவைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்குவது அரிது. விலையும் மிக அதிகம்.

வளைவு மிகுந்து இல்லறத்துக்கு இடையூறானால் சத்திரசிகிச்சை உண்டு. நீண்ட பக்கத்தைத் தைத்துச் சுருக்குவது எளிய முறை. நீளம் சிறிது குறையும். தழும்பைக் கீறி ஒட்டுத்திசு வைப்பது மற்றொன்று. அதனால் எழுச்சி தளரக்கூடும். எழுச்சியே இல்லாதவர்க்கு உட்கருவி பொருத்துவர். இடையூறு செய்யாத சிறு வளைவுக்கு எச்சிகிச்சையும் வேண்டியதில்லை. இதனைக் கேட்டறிந்தே பலர் ஆறுதலடைவர்.

தோட்ட வைத்தியரிடம் கூறத் தயங்குபவர் நோர்வூட் வழியாக டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குச் செல்லலாம். வேண்டுமாயின் அங்கிருந்து கண்டிக்கு அனுப்புவர். வளைவு எப்போது தொடங்கிற்று, எப்புறம் சாய்கின்றது, நோவு நின்றதா என்பவற்றையே வைத்தியர் முதலில் வினவுவார். இரத்தத்தில் சீனியையும் பார்ப்பார்.