நமக்கும் ஓர் எதிரணி வேண்டும்



இலக்கிய மேடையில் ஏறிப் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் மாவட்டத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு.செல்லப்பா, காளையையும் மனிதனையும் எதிரெதிரே நிறுத்தித்தான் 'வாடிவாசல்' எழுதினார். அந்த நாவலின் முடிவு உங்களுக்குத் தெரியும். பிச்சி என்ற இளைஞன் காரி என்ற காளையை அணைந்துவிடுகிறான். தோற்றுப்போன தன் காளையை ஜமீன்தார் தன் கையாலேயே சுட்டுவிடுகிறார். தோல்வியைத் தாங்கத் தெரியாத ஒரு மனம் என்ன செய்யும் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன எழுத்து நம்மிடம் இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அதற்கு நேர் எதிரான ஒரு பழக்கத்தைப் பற்றி. தோற்றவன் அடுத்த ஆண்டும் அதே களத்துக்கு, அதே எதிரணியைத் தேடி வருகிற பழக்கம்.

2024-இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் டி.என்.பி.எல். கிரிக்கெட் கோப்பையை வென்றது. நத்தம் பக்கம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் அந்த அணி ஆடும்போதெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் ஊரே திரள்கிறது. நானும் கைதட்டியவன்தான். ஆனால் அந்த ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருகிறவர்கள். இந்த ஆண்டு நம் பெயர் பொறித்த சட்டையைப் போடுவார்கள், அடுத்த ஆண்டு வேறு ஊர்ச் சட்டை. அது அவர்கள் தொழில். நான் சொல்ல வந்த அணி வேறு வகை. படித்த பள்ளி கொடுத்த நிறம் அது, அறுபது வயதிலும் மாறாது. அப்பா ஆடினார், மகன் ஆடினான், பேரன் ஆடப்போகிறான். எதிரே நிற்பவனின் அப்பாவும் தாத்தாவும்கூட உங்கள் வீட்டுப் பேச்சில் இருப்பார்கள்.

அப்படி ஓர் ஆட்டம் தமிழ் மண்ணில் உண்டா? உண்டு. யாழ்ப்பாணத்தில் உண்டு.

யாழ்ப்பாணக் கோட்டைக்கு எதிரே யாழ் மத்திய கல்லூரி. வெஸ்லியன் மிஷன் 1816-இல் தொடங்கிய பள்ளி. பேர்சிவல் பாதிரியார் தலைமை ஏற்றிருந்த காலத்தில் அங்கே படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். அதே நாவலர்தான் பிறகு வெளியேறி 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பள்ளி கண்டார். இன்னொரு பக்கம் சுண்டிக்குளியில் சென் ஜோன்ஸ், அதாவது பரி யோவான் கல்லூரி. சர்ச் மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைட் 1823-இல் நல்லூரில் தொடங்கியது, பிறகு சுண்டிக்குளிக்கு வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இந்த இரண்டு பள்ளிகளும் 1904-இல் கிரிக்கெட் களத்தில் சந்தித்தன. இன்றுவரை சந்தித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டத்துக்கு 'வடக்கின் பெரும் போர்' என்று பெயர்.

மார்ச் மாதம் பிறந்தால் யாழ்ப்பாணத்தில் வேறு பேச்சே இல்லை. மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றிக் கொட்டகைகள் எழும். இரண்டு பள்ளிக் கொடிகளும் வண்டிகளில் ஊரைச் சுற்றும். பப்பரே வாத்தியம் என்று சொல்வார்கள், தாரையும் மேளமும் சேர்ந்த அந்தச் சத்தம் காலையில் தொடங்கினால் ஆட்டம் முடியும்வரை ஓயாது. லண்டனிலிருந்தும் டொரோன்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் விமானச்சீட்டை இந்த நாளுக்கென்றே எடுக்கிறார்கள். மருத்துவராகவும் வங்கி அதிகாரியாகவும் இருப்பவர்கள் கொட்டகைக்குள் நுழைந்ததும் பள்ளிப் பட்டப்பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். 'டேய்' போட்டுப் பேச அவர்களுக்கு ஆண்டில் கிடைக்கும் நாட்கள் இவைதான்.

கூடியிருப்பவர்களே, இதெல்லாம் கொண்டாட்டம். கொண்டாட்டம் எந்த ஊரிலும் நடக்கும். என்னை உலுக்கியது வேறு. அந்த மைதானத்தின் பக்கத்திலேயே இருக்கிறது யாழ் பொது நூலகம். 1981 ஜூன் முதல் நாள் விடிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு அது எரிந்து கிடந்தது. 1990-இல் உள்நாட்டுப் போரில் கோட்டையைச் சுற்றி முற்றுகையும் குண்டுவீச்சும். 1995 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரமே தலையில் மூட்டையோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இவ்வளவுக்கும் நடுவே அந்த ஆட்டத்தின் வரிசை எண் ஏறிக்கொண்டே வந்தது. 2024 மார்ச்சில் நடந்தது 117-ஆவது ஆட்டம். 1904-லிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். போரும் இடப்பெயர்வும் கொரோனாவும் சேர்ந்து விழுங்கிய ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மின்சாரம் இல்லாத ஊர், எரிபொருள் இல்லாத ஊர், நாளைக்கு யார் இருப்பார் என்று தெரியாத ஊர், மார்ச் மாதம் வந்ததும் ஆடுகளத்தைச் சீர்செய்யப் போனது. எதற்காக? எதிரே இருப்பவன் வருவான் என்ற நம்பிக்கைக்காக. அவன் வந்து நிற்கும்போது நாம் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற மானத்துக்காக.

அந்த நம்பிக்கைக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். பரி யோவான் கல்லூரியின் அதிபர் ஆனந்தராஜா 1985 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவத்தினரோடு ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார் என்பதே அவர்மேல் சொல்லப்பட்ட குற்றம். ஒரு பள்ளித் தலைமையாசிரியர், மட்டையும் பந்தும் பேசிப் பார்க்கட்டும் என்று நினைத்தார். அதற்குத் துப்பாக்கி பதில் சொன்னது. வாடிவாசலில் காரியைச் சுட்ட அதே கைதான் இது என்று நான் நினைக்கிறேன். களத்தில் தோற்கச் சம்மதிக்காதவர்கள் களத்தையே இல்லாமல் செய்துவிடப் பார்க்கிறார்கள். அதனால்தான் விதிக்குக் கட்டுப்பட்ட போட்டியை நான் விளையாட்டுச் சமாசாரம் என்று ஒதுக்குவதில்லை. ஒரு சமூகம் சண்டையை எப்படி நடத்த வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் அது.

கிரிக்கெட்டையே பேசுகிறாரே, எங்கள் கால்பந்து எங்கே என்று பேகம்பூர்ப் பக்கத்து இளைஞர்கள் பார்க்கிறீர்கள். வருகிறேன். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் ஆட்சி செய்வது கால்பந்துதான். குருநகரில் பாடும்மீன், பாசையூரில் சென் அன்ரனிஸ், நாவாந்துறையில் சென் மேரிஸ், இளவாலையில் யங் ஹென்றீசியன்ஸ். மீன்பிடிக் கிராமங்கள், மாதா கோயில்கள், அவற்றின் நிழலில் வளர்ந்த கழகங்கள். நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையில் நீங்கள் பார்க்கும் அதே காட்சி. பள்ளிகளில் சென் பற்றிக்ஸும் இளவாலைச் சென் ஹென்றீஸும் கால்பந்தில் பேர் போனவை. ஆனால் எனக்குப் பிடித்த கதை தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியுடையது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910-இல் தொடங்கிய பள்ளி. கவிஞர் மஹாகவி அங்கே படித்தவர். ஒரு புலவர் தொடங்கிய பள்ளி கால்பந்தில் இலங்கை முழுக்கப் பெயரெடுத்தது. 1990-இல் போர் அந்தப் பள்ளியைச் சொந்த மண்ணைவிட்டே விரட்டியது. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த அதே பள்ளியிலிருந்து பெண்பிள்ளைகள் கால்பந்து அணியாகப் புறப்பட்டு அகில இலங்கைக் கோப்பைகளை எடுத்து வந்தார்கள். இந்த அவையில் இருக்கும் பெண்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய எதிரணிப் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே கல்லூரிகளுக்கிடையிலான ஃபுட்பால் பெரிய திருவிழா. அவர்கள் ஆடுவது நம் கால்பந்து இல்லை, கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஹார்வர்டும் யேலும் 1875-லிருந்து மோதுகின்றன. அங்கே தரைப்படைக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் 1890-இல் தொடங்கிய ஒரு போட்டி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் சேர்ந்து முதலில் தோற்ற பக்கத்து மாணவர்கள் முன்னால் போய் நிற்கும். தோற்ற கல்லூரியின் பாட்டு முதலில். வென்றவனும் அதற்கு அசையாமல் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் வென்றவன் பாட்டு. பணமும் தொலைக்காட்சியும் புகுந்து என்னென்னவோ செய்துவிட்ட அந்த ஆட்டத்தில், இந்த ஒரு மரியாதையை அவர்கள் இன்னும் விடவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன உறவு என்று கேட்டால், நான் 1834-ஐக் காட்டுவேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷன்தான் அந்த ஆண்டு கடல் கடந்து மதுரைக்கு வந்தது. அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் கால் வைத்தது. 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவியவர்கள் அவர்கள். அந்த செமினரியில் படித்த சி.வை.தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார், கலித்தொகையை அச்சில் ஏற்றித் தந்தார். அந்த செமினரியின் வழியில் வந்ததுதான் இன்றைய யாழ்ப்பாணக் கல்லூரி. அந்தக் கல்லூரிக்கும் கத்தோலிக்கப் பள்ளியான சென் பற்றிக்ஸுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டத்துக்குப் 'பொன் அணிகளின் போர்' என்று பெயர்.

அப்படியே நம் ஊரைப் பாருங்கள். அமெரிக்க மிஷன் வழியில் வந்த டட்லி பள்ளி இருக்கிறது. கத்தோலிக்கர் நடத்தும் புனித மரியன்னை பள்ளி இருக்கிறது. கால்பந்து லீக் ஆட்டங்கள் நடந்து பழகிய மைதானமும் இருக்கிறது. இரண்டு பள்ளியும் எத்தனையோ போட்டிகளில் மோதியிருக்கும். ஆனால் ஆண்டுதோறும் அதே வாரத்தில், ஊரே கூடுகிற ஓர் ஆட்டமாக அதை நாம் வளர்க்கவில்லை. பழைய மாணவர்களைக் கேட்கிறேன். ஆண்டு விழாவுக்கு மேடை போடுகிறீர்கள், சால்வை போடுகிறீர்கள், கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கிறீர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் பதினாறு வயதுப் பையன் ஒருவன், தன் பள்ளியின் நாற்பதாண்டு வெற்றி தோல்விகளை மனப்பாடமாகச் சொல்லும் நாள் நம் ஊரில் வந்திருக்கிறதா?

இன்னொன்றும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். நம் பக்கத்துத் தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்களுக்காகக் கட்டிய 321 வீடுகளை 2022 செப்டம்பரில் முதலமைச்சர் திறந்து வைத்தார். நம்மிடையே நீண்ட காலம் முகாம்களில் வாழ்ந்த குடும்பங்கள் அவை. அங்கே இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு நான் இப்போது சொன்ன மைதானங்கள் சொந்த மைதானங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ திண்டுக்கல்தான் ஊர். அந்தப் பிள்ளைகள் அணி திரட்டினால் நம் பள்ளி அணிகள் அவர்களோடு ஆட வேண்டும். ஆட்டம் அங்கேயும் நடக்க வேண்டும், இங்கேயும் நடக்க வேண்டும். விருந்தாளியாக அழைத்து மாலை போட்டு அனுப்பாதீர்கள். எதிரணியாக அழையுங்கள், முழு பலத்தோடு ஆடுங்கள். ஒருவனைச் சமமாக நடத்துவதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் ஜல்லிக்கட்டுக்கு, மாசி திருவிழாவுக்கு, மார்ச் தேர்வுக்கு. ஆகவே ஆடி முடிந்து காற்று தணிந்ததும், ஆவணியில் ஒரு சனிக்கிழமையைக் குறிப்போம். இரு பள்ளிகளின் பழைய மாணவர்களும் இந்தக் கூட்டம் கலைவதற்குள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு வேலை ஏற்றுக்கொள்ளுங்கள்: ஒருவர் கோல் கம்பத்துக்கு வலை, ஒருவர் நடுவர், ஒருவர் தண்ணீர். கணக்குப் புத்தகம் ஒன்றை நான் வாங்கித் தருகிறேன். அதன் முதல் பக்கத்தில் இரண்டு அணிகளிலும் உள்ள பதினொருவர் பெயர்களையும் தோற்ற அணியிலிருந்து தொடங்கி எழுதுவோம்.