வலி தெரியாத கண்கள்

(மாமல்லபுரத்தில் நடைபெற்ற நம் மருத்துவமனை ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



 இந்தக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உங்களைப் பார்க்கும்போது என் உள்ளம் கர்த்தரைத் துதிக்கிறது.

சென்ற கூடுகையில் உங்களிடம் கேள்விகளை எழுதித் தரச் சொன்னோம். ஜெபத்தைப் பற்றியும் வியாதியைப் பற்றியும்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன். ஆனால் மூன்று சீட்டுகளில் ஒரே கேள்வி வந்திருந்தது. ஒரு தாயார் இப்படி எழுதியிருந்தார்: "ஐயா, பிள்ளைகள் சண்டைப் படம் பார்க்க வேண்டுமென்று அடம் பிடிக்கிறார்கள். எதைப் பார்க்க விடலாம், எதை விடக்கூடாது?" இன்று அதைப் பற்றியே பேசலாமென்று இருக்கிறேன்.

என் சிறு வயதில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. சினிமாக் கொட்டகைப் பக்கம் போனாலே பாவம் என்று எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் 1978-இல் வெளிவந்த தெலுங்குப் படமாகிய 'கருணாமயுடு' பல மொழிகளுக்கு மாற்றப்பட்டு கிராமம் கிராமமாகத் திரையிடப்பட்டபோது, அதே பெரியவர்கள் திரை கட்டக் கம்பு நட்டார்கள். ஆகவே திரை பாவமல்ல, திரையில் வருவதைத்தான் ஆராய வேண்டும் என்பதை நம் சபைகள் அன்றே ஒப்புக்கொண்டுவிட்டன. இன்று கொட்டகைக்குப் போகாமலிருந்தாலும், கொட்டகை நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

சண்டையைச் சொல்வதும் மனிதருக்குப் புதிதல்ல. இன்று காலை பிள்ளைகளோடு இவ்வூர் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தைப் பார்த்தோம். சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட போர்க்களம் அது. எருமைத் தலை கொண்ட அசுரன் இன்னும் வீழவில்லை. பின்வாங்கும் அந்தக் கணத்தோடு சிற்பி நிறுத்திக்கொண்டான். நம் வேதாகமத்திலும் தாவீது கோலியாத்தை வீழ்த்துகிறான். யாகேல் கூடார முளையை எடுக்கிறாள். சண்டை இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கதையைத் தள்ளிவிட முடியாது.

அப்படியானால் எதைக்கொண்டு நிதானிப்பது? "சான்றிதழைப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். 1983 முதல் நம் நாட்டில் யு, யு/ஏ, ஏ, எஸ் என்று நான்கு வகைச் சான்றிதழ்கள் உண்டு. 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பதை 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இதில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 'ஏ' என்றால் 18 வயதுக்குக் குறைந்தவரைத் திரையரங்கில் அனுமதிக்கக்கூடாது. 'யு/ஏ' என்றாலோ, தீர்மானிக்கிற பொறுப்பு பெற்றோருடையது. அரசாங்கமே அந்தச் சுமையை நம் தோளில்தான் வைத்திருக்கிறது.

2023-இல் வந்த 'ஜெயிலர்' படத்துக்கு யு/ஏ கிடைத்தது. கதாநாயகனே ஒருவனுடைய தலையை வெட்டும் காட்சி அதில் உண்டு. அந்தச் சான்றிதழை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது, தள்ளுபடியாயிற்று. 2025 ஆகஸ்டில் அதே ரஜினிகாந்த் நடித்த 'கூலி' படத்துக்கோ 'ஏ' கிடைத்தது. பிள்ளைகளோடு போன குடும்பங்கள் திரையரங்கு வாசலிலிருந்து திரும்பின. யு/ஏ கேட்டுத் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் போனார். சில காட்சிகளை நீக்கினால் யு/ஏ பெறலாம் என்ற வழி இருந்தும் 'ஏ'வை ஏற்றுக்கொண்டே படத்தை வெளியிட்டார்கள் என்று தணிக்கை வாரியம் எடுத்துச் சொன்னது. மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சான்றிதழ் ஒரு வேலிதான் என்பது விளங்கும். மாடு தாண்டாமலிருக்க வேலி உதவும். உள்ளே என்ன பயிர் விளைகிறது என்பதை வேலி சொல்லாது.

பிரியமானவர்களே, இங்கிருந்து அதிக தூரமில்லாத ஓரிடத்துக்கு உங்களை அழைத்துப் போக விரும்புகிறேன். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று அது மத்திய அரசின் தொழுநோய் போதனை, ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. 1947-இல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவரின் அழைப்பின்பேரில், வேலூரில் பணியாற்றிய எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அங்கே வந்தார். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துபோன ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, "என் கையை அழுத்து" என்றார். செத்துப்போன கை என்று நினைத்தவருக்கு, அந்த அழுத்தத்தின் வலி தாங்கவில்லை. அவ்வளவு பலம் அந்தக் கையில் இருந்தது. இல்லாமற்போனது ஒன்றே ஒன்று: தான் எவ்வளவு அழுத்துகிறோம், அடுத்தவனுக்கு எவ்வளவு வலிக்கிறது என்ற உணர்வு.

அதன் பிறகு அவர் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னது இதுதான். தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு வலி தெரியாமற்போவதால், சூடான பாத்திரத்தையும் கூரான ஆணியையும் அறியாமல் பிடித்து, காயத்தின்மேல் காயம் பட்டே அவை அழிகின்றன. நாமெல்லாரும் வேண்டாமென்று ஜெபிக்கிற அந்த வலியைக் கர்த்தர் கொடுத்த வரம் என்றார் அவர்.

கைக்கு நேரிடுவது கண்ணுக்கும் நேரிடலாம். ஒரு படம் நம் பிள்ளைக்கு எவ்வளவு இரத்தத்தைக் காட்டுகிறது என்பதைவிட, அந்த இரத்தத்தைப் பார்த்தும் ஒன்றும் தோன்றாதபடி அவனைப் பழக்குகிறதா என்பதே என் பயம்.

இதை உங்களுக்கு உபதேசிக்க எனக்கே தகுதியில்லை என்று கண்டுகொண்ட ஒரு சம்பவத்தைச் சாட்சியாகச் சொல்லுகிறேன். ஒரு சனிக்கிழமை இரவு மகள் வீட்டிலிருந்தேன். எட்டு வயதுப் பேரன் என் மடியில் சாய்ந்து தொலைக்காட்சியில் ஒரு சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அடியாள் ஒருவன் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு விழுந்தான். பேரன் கைதட்டிச் சிரித்தான். எனக்கும் அது சுவையாகத்தான் இருந்தது. "ரொம்ப நேரமாயிற்று, படு" என்று சொன்னேனே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வார்டுக்குப் போனேன். கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். ஊர்த் தகராறில் கையில் வெட்டு. நான் வழக்கம்போல் வசனம் வாசித்து, ஜெபித்து, அடுத்த கட்டிலுக்குத் திரும்பினேன். அவனுடைய தாய் என் பின்னாலேயே வந்தார்.

"ஐயா, ஜெபம் பண்ணீங்க, நல்லதுங்க. ஆனா எங்கடா வலிக்குதுன்னு பிள்ளைய ஒரு வார்த்தை கேக்கலையே?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை ஆண்டு ஊழியத்தில் எத்தனையோ காயங்களைப் பார்த்துப் பார்த்து, என் கண்ணும் மரத்துப்போயிருக்கிறது. திரும்பி வந்து அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அருவாள ஓங்கினான். படத்துல புடிக்கிற மாதிரி கையால புடிச்சிட்டேன் ஐயா. அப்போ வலிக்கவே இல்ல. விரலு மடங்கலன்னு பாத்தப்புறம்தான் பயந்துட்டேன்" என்றான்.

படத்தில் கதாநாயகன் அரிவாளை வெறுங்கையால் பிடித்து, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த காட்சியில் பாட்டுப் பாடுவார். நம் மருத்துவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? உள்ளங்கையில் அறுந்த தசைநாண்களை இணைக்கப் பல மணி நேர அறுவை சிகிச்சை வேண்டும். பிறகு சுமார் ஆறு வாரம் கட்டு. அதற்குள்ளேயே பிசியோதெரபி தொடங்க வேண்டும். பாரமான வேலைக்கு மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அப்படியும் சில விரல்கள் பழையபடி மடங்குவதில்லை. வலை இழுக்கிறவனுக்குக் கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அடிபட்ட தலையும் அப்படித்தான். படத்தில் மயங்கி விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்துவிடுகிறான். தலையில் அடிபட்டுச் சில நிமிடம் நினைவிழந்தவனை நாங்கள் மூளைக் காயம் என்று பயந்து கண்காணிக்கிறோம்.

இனி அந்தத் தாயாரின் சீட்டுக்கு என் பதில். நல்ல படம், கெட்ட படம் என்று நான் ஒரு பட்டியல் போட்டுத் தரப்போவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தால் பட்டியல் பழையதாகிவிடும். குடும்பமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளைத் தருகிறேன்.

முதலாவது, அடிபட்டவனுக்கு இந்தப் படத்தில் வலிக்கிறதா? 2004-இல் வந்த 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' எவ்வளவு இரத்தம் நிறைந்த படம்! அமெரிக்காவிலேயே அதற்கு, பெரியவர் துணையின்றிச் சிறுவரை அனுமதிக்காத 'ஆர்' தரம் கொடுத்தார்கள். சிறு பிள்ளைக்கு அது இன்றும் ஏற்றதல்ல. ஆனால் அதைப் பார்த்து ஒருவரும் கைதட்டவில்லை, அழுதார்கள். சில படங்களில் இரத்தம் கொஞ்சம்தான், ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் சிரிக்கச் சொல்லித் தருகின்றன. என் பேரனுக்கு நான் பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்கே.

இரண்டாவது, செத்தவனுக்காக யாராவது அழுகிறார்களா? 2024-இல் வந்த 'அமரன்' ஒரு சண்டைப் படம்தான். 2014-இல் காஷ்மீரில் வீர மரணமடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுடைய வாழ்க்கை அது. நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் அவரோடு படித்த இந்து ரெபேக்கா வர்கீஸ்தான் அவருடைய மனைவி. அந்த மனைவியின் கண்களால் கதை சொல்லப்படுவதால், ஒரு துப்பாக்கிக் குண்டு ஒரு வீட்டுக்குள் எதைக் கொண்டுவருகிறது என்பது தெரிகிறது. அதே படத்தில் காஷ்மீர் மக்களைக் காட்டிய விதம் எங்களைப் புண்படுத்துகிறது என்று இஸ்லாமிய அமைப்புகள் சில போராடியதையும் மறைக்கக்கூடாது. வளர்ந்த பிள்ளைகளோடு அதையும் பேசுங்கள். எதிரிக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று நினைப்பூட்டுங்கள்.

மூன்றாவது, கதாநாயகன் செய்வதை நம் வீட்டில் ஒருவர் செய்தால் ஒப்புக்கொள்வோமா? 'ஜெயிலர்' படத்தின் தகப்பன், தவறிப்போன மகனுக்குச் சரணடைய ஒரு வாய்ப்புக் கொடுக்கிறார். மகன் மறுக்கிறான், அவனுடைய கதை சாவில் முடிகிறது. லூக்கா 15-இல் இன்னொரு தகப்பன், தூரத்தில் வருகிற மகனைக் கண்டு ஓடுகிறார். வளர்ந்த பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் திட்டாதீர்கள். இந்த இரண்டு தகப்பன்மாரைப் பற்றியும் இரவு ஜெபத்துக்கு முன் பேசுங்கள். பத்துப் பிரசங்கம் செய்யாததை அது செய்யும்.

செய்யக்கூடிய சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பெற்றோர் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஓ.டி.டி. தளங்களில் வயது வரம்புப் பூட்டு உண்டு; அதைப் போடுங்கள், பூட்டின் எண் உங்களிடமே இருக்கட்டும். பிள்ளை பயந்தால், "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா?" என்று கேலி செய்யாதீர்கள். பயப்படுகிற பிள்ளைக்கு உணர்வு உயிரோடிருக்கிறது. எழுந்து வெளியே வந்துவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். 101-ஆம் சங்கீதத்தில் தாவீது தன் வீட்டுக்குள் எப்படி நடப்பேன் என்று சொன்ன கையோடு, தன் கண்முன் எதை வைக்கமாட்டேன் என்றும் தீர்மானிக்கிறார். அதை ராஜா தனக்கே சொல்லிக்கொண்டார். அப்பாமார் அதைக் கவனிக்க வேண்டும். நம் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க முடியாது.

கடைசியாக நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு வன்முறைக் கதைதான். ஆனால் கள்வர் அடித்ததை ஆண்டவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். எண்ணெய், திராட்சரசம், காயக்கட்டு, ஏற்றிச் சென்ற வாகனம், சத்திரம், மறுநாள் காலை கொடுத்த இரண்டு பணம் என்று, ஆற்றியதைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். நம் படங்கள் அடிப்பதை இரண்டரை மணி நேரம் காட்டிவிட்டு, கட்டுப் போடுவதை விட்டுவிடுகின்றன. அந்த விடுபட்ட பாகத்தில்தான் நம் மருத்துவமனை நிற்கிறது. நீங்கள் அனுப்பும் காணிக்கை, சத்திரக்காரனிடம் கொடுத்த அந்த இரண்டு பணம்.

அந்தப் பையனைப் பற்றிப் பேரனிடம் சொன்னேன். "தாத்தா, அந்த அண்ணாவால இனிமே பேனா பிடிக்க முடியுமா?" என்று கேட்டான். மூன்று விரல் மடங்குகிறது, இன்னும் இரண்டுக்காக ஜெபிக்கிறோம் என்றேன். சில வாரம் கழித்து மறுபடியும் ஏதோ ஒரு படம். பத்துப் பேர் பறந்து விழுந்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்று சொல்லமாட்டேன், சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"தாத்தா, இவங்களையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

அந்தக் கேள்வி நம் பிள்ளைகளின் வாயில் இருக்கும்வரை அவர்களுடைய கண்கள் மரத்துப்போகவில்லை. நம் வீடுகளில் அந்த உணர்வைக் கர்த்தர் காத்தருள்வாராக. அந்தப் பையனுடைய இரண்டு விரல்களையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமென்.