வேலியா? வழியா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் என்ன சொன்னார்? காட்டை மீட்கணும்னா மனுஷனை வெளியே அனுப்பு, வேலியைப் போடு, விலங்கு தானா வரும்னார். கேட்க நல்லாத்தான் இருக்கு. அனுப்பின இடத்தில் என்ன நடந்தது?

மத்தியப் பிரதேசத்தில் குனோ. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கத்துக்கு இன்னொரு வீடு வேணும்னு அங்கே 24 கிராமங்களைக் காலி செய்தார்கள். பெரும்பாலோர் சகரியா பழங்குடி மக்கள். காட்டை நம்பிப் பிழைத்தவர்கள். சிங்கத்தை அனுப்புங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. சிங்கம் வரலையே! 2022-ல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிதான் வந்தது. விருந்தாளி மாறிட்டார், வீட்டைக் காலி பண்ணினவங்க காலி பண்ணினவங்கதான்! (கைதட்டல்)

இப்ப நம்ம வால்பாறைக்கு வாங்க. மழைக்காட்டை வெட்டித் தேயிலை போட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. 220 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 70,000 பேர். சுற்றிலும் காடு, நடுவில் யானைக்கும் பாதை வேணும். அத்தனை பேரையும் எங்கே அனுப்புவீர்கள்? வேலி போட்டா யானை எங்கே போகும்?

அங்கே நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பினர், எஸ்டேட்டுகளுக்குள் திட்டுத்திட்டா மிஞ்சின காட்டில் அந்த மண்ணின் மரங்களையே நட்டு மீட்கிறார்கள். அதோட இன்னொன்றையும் கவனித்தார்கள். பெரும்பாலும் யானை நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள்தான் உயிரை விட்டார்கள். அந்தி நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கிற தொழிலாளிக்கு எப்படித் தெரியும்?

அதனால் உள்ளூர் கேபிள் டி.வி.யில் தகவல், செல்போனில் தமிழில் குறுஞ்செய்தி, மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் வந்தா ஊர்க்காரரே செல்போனில் அழைத்து விளக்கை எரியவிடலாம். உயிர்ப்பலி குறைந்தது. இதை நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

வீட்டுக்கு மாமனார் கடிதம் போட்டுட்டு வந்தா விருந்து. சொல்லாம வந்து நின்னாத்தானய்யா வில்லங்கம்! (சிரிப்பு)

ரேஷன் கடையை யானை உடைக்குதே என்பார் நண்பர். உடைக்குது; நான் மறுக்கலை. கதவு போனா வேற கதவு போடலாம். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு நடந்த தாய் போனா?

காடு திரும்பணும்னா, அங்கே வேலை செய்கிறவள் முதல்ல பத்திரமா வீடு திரும்பணும். அதற்கு வேண்டியது வேலி அல்ல, வழியே என்று சொல்லி அமர்கிறேன்.