படபடக்கும் நெஞ்சும் பதகளிக்கும் மனமும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இருதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீர்செய்யும் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை வாட்டும் படபடப்பையும் பதகளிப்பையும் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம். நோய் தீர்ந்தது என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய பின்னும் அச்சம் தீராதவர்கள் நம் ஊர்களில் உளர். "எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்களே, இனி என்ன பயம்?" என்று கேட்டு, நாம் அவர்களின் வாயை அடைத்து விடுகின்றோம். வாய் அடைபட்டாலும் நெஞ்சு அடங்குவதில்லை. ஆகவே இதன் காரணத்தை முதலில் அறிந்துகொள்வோம்.

மனித இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் தடவை துடிக்கின்றது. அத்துடிப்பை எழுப்புவது இருதயத்தின் உள்ளேயே பிறக்கும் மெல்லிய மின்சாரம். அது மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் வாயிலை 1906-இல் யப்பானியரான தவாரா விளக்கினார். அது பிறக்கும் இடத்தை அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் ஆய்ந்த கீத், பிளாக் என்னும் இருவர் அறிவித்தனர். அம்மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை ஆக்கிய ஒல்லாந்தர் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார்.

இம்மின்சாரம் குறுக்குவழியில் ஓடினாலும், வேண்டாத இடத்திற் பிறந்தாலும் துடிப்புத் தடுமாறும். இதற்குப் பலருக்கு மருந்து போதும். சிலருக்குத் தொடை மடிப்பிலுள்ள நாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, தடுமாற்றத்துக்குக் காரணமான சிறு இடத்தைச் சூட்டினாலோ கடுங்குளிரினாலோ செயலிழக்கச் செய்கின்றனர். நம்மவருட் பலர் இதற்காகக் கொழும்புக்குச் செல்கின்றனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வீடு வந்தபின், இரவில் நெஞ்சு ஒரு தடவை துள்ளினாலும், "வைத்தியர் அங்கே, நாம் இங்கே" என்ற நினைவு வந்துவிடுகின்றது.

அவ்வாறு துள்ளுவதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை செய்த இடம் ஒரு புண். ஆறும் வரை அது சற்று வீங்கியிருக்கும்; இடையிடையே மேலதிகத் துடிப்பு எழலாம். மேலறைத் துடிப்பு நடுக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு, துடிப்பை அடக்கும் நரம்பு இழைகளும் சில வேளை தாக்கமுறுவதால், நாடி முன்னையிலும் விரைவாக வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கிலும் ஓடுவதுண்டு. இத்தகையோருக்கு முதல் 3 மாதங்களிற் காணும் தடுமாற்றத்தைக் கொண்டு சிகிச்சை தோற்றது என்று தீர்மானிக்கலாகாது என வல்லுநர் வைத்திருந்தனர். 2024-இல் அக்கால எல்லையை 8 வாரங்களாகக் குறைத்தனர். புண் ஆறும் காலத்தை நோய் திரும்பிய காலமாக எண்ணி ஏங்கிப்போக வேண்டியதில்லை.

இனி, மனத்தின் பங்கைப் பார்ப்போம். அச்சம் பிறந்தவுடன் அதிரினலின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலக்கின்றது, இருதயம் விரைகின்றது. விரைந்த இருதயத்தைக் கண்டு மனம் மேலும் அஞ்சுகின்றது. அஞ்சிய மனம் இருதயத்தை மேலும் விரட்டுகின்றது. செக்குமாடு சுற்றுவது போல இது சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பு உண்மையான நோயால் துடித்தவர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது அல்லவா?

இது புதிய சங்கதியன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் கலந்த வீரர்களிடம் இத்தகைய படபடப்பை ஆராய்ந்த டா கொஸ்தா என்னும் வைத்தியர், 1871-இல் அதனை விரிவாக எழுதினார். அவர்களுட் பலரின் இருதயத்தில் அதற்கேற்ற ஊறு காணப்படவில்லை. ஆயினும் அவர்கள் பட்ட துன்பம் மெய்யானது. நமது குடாநாடும் நெடும்போரைக் கண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், போரின் மனவடுவைப் பற்றி 1998-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மனத்தின் துயரம் நம்மவரிடம் உடலின் முறைப்பாடாகவே பெரிதும் வெளிப்படுவதை அவர் எடுத்துக் காட்டினார். "மனம் சரியில்லை" என்று சொல்ல நாணுபவர், "நெஞ்சு படபடக்குது" என்பார். ஆகவே படபடப்பை நடிப்பென்று தள்ளுவதும் பிழை; ஒவ்வொரு துள்ளலையும் மரணமென்று அஞ்சுவதும் பிழை.

இனிச் செய்யத்தக்கவை எவை?

முதலாவது, நாடியை எண்ணப் பழகுதல். பெருவிரலின் பக்கமாக மணிக்கட்டில் இரு விரலை வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ணுக. ஓய்வாயிருக்கையில் 60 முதல் 100 வரை இயல்பு. பதகளிப்பின் வேகம் பெரும்பாலும் படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். தவிற்காரர் காலத்தை மாற்றினாலும் தாளம் மாறாதது போல, வேகம் கூடினும் ஒழுங்கு குலையாது. துடிப்பு நோயின் வேகமோ பலருக்குத் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்கும். எனினும் தீர்ப்பு மின்வரைபடத்தினுடையதே. நேரத்தையும் நாடியையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்திருந்தால் வைத்தியருக்கு உதவும். நாளுக்கு இருமுறை எண்ணினாற் போதும். ஓயாது எண்ணுவதும் அச்சத்துக்குத் தீனியே.

இரண்டாவது, மூச்சு. 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெல்ல விடுக. நிமிடத்துக்கு 6 மூச்சாகும். மூச்சை அடக்கவோ வேகமாக ஊதவோ வேண்டாம். 2001-இல் இத்தாலியரான பெர்னார்டி என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும், செபமாலைச் செபமும் மந்திர உச்சாடனமும் மூச்சை ஏறத்தாழ இந்த அளவுக்கே கொண்டுவருவதையும், இருதயத்தின் இயல்பான கட்டுப்பாடு சீர்படுவதையும் கண்டனர். சோமசுந்தரம் அவர்களும் போரால் நொந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சியையும் மந்திர செபத்தையும் அவரவர் சமயத்துக்கேற்பச் சிகிச்சையிற் சேர்த்தார். நம் வீட்டிலேயே பஞ்சாட்சரம் இருக்கின்றது. நிதானமாகச் செபித்தலே வேண்டியது.

மூன்றாவது, வாழ்வைச் சுருக்காதிருத்தல். அச்சத்தால் படுக்கையிலே கிடப்பவரின் உடல் தளரும். தளர்ந்த உடல் சிறு வேலைக்கும் படபடக்கும். வைத்தியர் அனுமதித்ததும், முதல்நாள் படலை வரை, அடுத்தடுத்த நாட்களில் ஒழுங்கை முடக்கு வரை, பின் வைரவர் கோயில் வரை என நடையைக் கூட்டுக. வெயிற் காலத்தில் நீர் போதியளவு பருகுக. கடுந் தேநீரும் கோப்பியும் படபடப்பைக் கூட்டுகின்றனவென்று கண்டால் குறைக்க. கள்ளும் சாராயமும் துடிப்பைக் குலைக்கவல்லவை. கந்தசஷ்டி விரதமோ, காவடி, பிரதட்டை முதலிய நேர்த்தியோ முன்னிற்குமானால், முதலில் வைத்தியரைக் கேட்க. இரத்தம் உறையாதிருக்கத் தந்த குளிசையைத் தாமாக நிறுத்தலாகாது. முருகன் நேர்த்திக்குக் காத்திருப்பான். உறைந்த இரத்தம் காத்திராது.

ஆயினும் எல்லாவற்றையும் பயமென்று ஒதுக்கலாகாது. மயங்கி விழுதல், நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் சோர்வு, ஓய்விலும் அடங்காத வேகம், குழாய் செலுத்திய இடத்தில் இரத்தப் பெருக்கு ஆகியவை கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின்னான வாரங்களிற் காய்ச்சலும் விழுங்கும்போது நோவும் கண்டாலும் அவ்வாறே. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்; அச்சேவை 2018 ஜூலை முதல் யாழ்ப்பாணத்திலும் உண்டு. பதகளிப்பே வாழ்வை முடக்குமானால், உளமருத்துவரை நாடுவதில் இழிவில்லை. 1926 என்னும் உளநல இலக்கத்திலும் பேசலாம்.

இளைஞர்களே! மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாது, உடனிருந்து பார்ப்பவரையும் நாலாவதாகச் சேர்த்தார். அந்த நாலாவது இடம் நம்முடையது. இரவிலே அப்பு, "தம்பி, நெஞ்சு திரும்பவும் அடிக்குதடா" என்றால், "சும்மா படுங்கோ" என்பதும் வேண்டாம், "ஐயோ!" என்று வீட்டைக் கூட்டுவதும் வேண்டாம். "இருங்கோ அப்பு, நாடியைப் பாப்பம், என்னோடை மெல்ல மூச்சு விடுங்கோ" என்று கையைப் பிடித்துக்கொண்டு அருகிலிருங்கள். அபாயக் குறி உண்டா என்று கேளுங்கள், இருந்தால் தாமதியாதீர்கள், இல்லையேல், அது தணியும் வரை எழுந்து போகாதீர்கள். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். பொறுமை ஒன்றே போதும். இத்தொண்டை நமது சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலும் அயலிலும் மேற்கொள்ள, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.