செவிக்கு ஒரு தராசு

1925ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய காலத்திலே, பளிங்குக் கல் பொருத்திய சிறு பெட்டி ஒன்றைக் கொண்டே பலர் நிகழ்ச்சிகளைக் கேட்டனர். அப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் இரு செவிகளையும் மூடும் ஹெட்போன் இன்றி அதிலே எதுவும் கேளாது. பின்னர் ஒலிபெருக்கி வந்தது. ஹெட்போன் ஒலிப்பதிவுக் கூடத்துள் ஒதுங்கிற்று. இன்றோ அது மீண்டும் வீட்டுக்கு வந்திருக்கிறது. இம்முறை இசையைக் கேட்பதற்கு மட்டுமன்றி, இசைத்தட்டுக்குரிய பக்குவத்தில் அதனை ஆக்குவதற்கும் அது துணையாகின்றது.

மன்னார்த் தீவிலே பேசாலை என்னும் கடலோர ஊரில் வாழும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். தம் ஊர்ப் பெரியவர்கள் பாடும் கூத்துப் பாட்டையும், கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டையும், தவக்காலத்துப் புலம்பலையும் பதிவு செய்துவிட வேண்டுமென்பது அவர் ஆவல். கணினி ஒன்று உண்டு. ஒலிவாங்கி ஒன்றை இரவல் வாங்கிவிட்டார். குரல், மத்தளம், ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, பின்னர் ஒன்றையொன்று அமுக்காதபடி இணைக்க வேண்டும். இதுவே ஒலிக்கலவை. இதற்கென நல்ல ஒலிபெருக்கிகள் இரண்டை வாங்கினாலும் போதாது. சீமெந்துச் சுவருள்ள சிறிய அறையிலே தாழ்ந்த ஒலிகள் மூலைகளிற் குவிந்து பொய் சொல்லும். அறையைத் திருத்துவதற்கு ஆகும் செலவு, கருவியின் விலையையும் மிஞ்சும். ஆகவே கையிற் பணம் குறைந்தவருக்கு ஹெட்போனே வழி.

எந்த ஹெட்போன் என்பதே கேள்வி. கடையிலே மாட்டிப் பார்க்கும்போது இனிமையாகக் கேட்பதைத்தான் நாம் விரும்புகிறோம். அங்கேதான் பிழை நேர்கிறது. மீன் நிறுக்கும் தராசு ஒருபுறம் சாய்ந்திருந்தால், நிறுப்பவன் எத்துணை நேர்மையானவனாயினும் நிறை தவறும் அன்றோ? பொதுமக்களுக்கென விற்கப்படும் ஹெட்போன்கள் பல, தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே மிகுத்துக் காட்டுவன. அவற்றை நம்பிக் கலவை செய்பவர், மத்தளம் அதிர்கிறதென்று எண்ணி அதனைக் குறைத்துவிடுவார். பாட்டு வெளியே வந்ததும் மத்தளம் தகரம் போல ஒலிக்கும். எனவே இனிமையைத் தேடாமல் உண்மையைத் தேடுங்கள். செவியை மகிழ்விக்கும் கருவியிலும், குறையைக் காட்டிக் கொடுக்கும் கருவியே மேலானது.

ஹெட்போன்களில் இரு வகை உண்டு. பின்புறம் மூடியது ஒன்று; திறந்தது மற்றொன்று. 1968இல் வெளிவந்த சென்ஹைசர் எச்.டி. 414 என்பது திறந்த வகையைப் பரவலாக்கியது. திறந்ததில் இசை விரிந்து கேட்கும். கலவைக்கு அதுவே சிறந்ததென்பர். ஆயின் சோளகம் வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கு அது பயன்படுமா? வெளிச் சத்தமெல்லாம் உள்ளே புகும். பாடுபவர் செவியில் மாட்டினால், அதிலிருந்து கசியும் ஒலி ஒலிவாங்கியிலும் ஏறும். ஒன்றுதான் வாங்க முடியுமெனின், மூடியதையே வாங்குக. பதிவுக்கும் உதவும், கலவைக்கும் உதவும்.

அடுத்து, ஓம் என்னும் மின்தடைக் கணக்கைப் பாருங்கள். 250 ஓம் உடையவற்றைத் தனிப் பெருக்கியின்றிச் செல்பேசியிற் செருகினால் பெரும்பாலும் மெலிந்தே ஒலிக்கும். 32 முதல் 80 ஓம் வரை உள்ளவை எளிதில் இயங்கும். 1991இல் வந்த சோனி எம்.டி.ஆர். 7506 என்பது 63 ஓம். ஓடியோ டெக்னிக்கா எம் 40 எக்ஸ் 35 ஓம். இரண்டும் மூடிய வகையின. கம்பியில்லாதவை கலவைக்கு ஆகா; ஒலி சற்றுப் பிந்தி வருவதோடு சுருக்கப்பட்டும் வருகிறது. செவிமெத்தை மாற்றக் கிடைக்குமா என்றும் கேட்டறிக. கடற்காற்றும் வியர்வையும் படும் இடத்தில் முதலிற் கெடுவது அதுவே.

கடைக்குப் போகும்போது, நன்கு பழகிய பாட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இரு கருவிகளையும் ஒரே அளவு ஒலியில் வைத்தே ஒப்பிடுங்கள். ஒலி குறைந்தால் தாழ்ந்த ஓசைகள் செவிக்கு மேலும் மெலிந்து தோன்றும் என்பதை 1933இலேயே பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். ஆகவே உரக்க ஒலிப்பது சிறந்ததென மயங்குவது இயல்பு.

வாங்கிய பின் அதனைப் பழகுதல் வேண்டும். ஒலிபெருக்கியின் ஓசை இரு செவிகளுக்கும் செல்லும். ஹெட்போனிலோ இடப்புறத்தது இடச்செவிக்கே போகும். ஆதலால் இடமும் வலமும் மிகப் பிரிந்து தோன்றும். கலவை முடிந்ததும் செல்பேசியிலும், இயலுமாயின் கோயிற் குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்க்க. பாட்டின் சொல் அங்கும் விளங்கினால் கலவை நன்று. செவியையும் காக்க வேண்டும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்பது தொழிற் சுகாதார ஆய்வாளர் கணக்கு.

இத்தனை கவலை எதற்கு? 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்திலே நம் வடபகுதிக் கத்தோலிக்க ஊர்களிற் பாடப்பட்டு வந்தது. நூல் அச்சிலே இருக்கும். அதனைப் பாடும் முதியவரின் இழைவும், இடையிலே அவர் வாங்கும் மூச்சும் அச்சில் இரா. பொய்யான கருவியைக் கேட்டுக்கொண்டு, கரகரப்பென்று எண்ணி அவற்றை நாம் துடைத்துவிடக்கூடும். ஆதலால் கைவைக்காத மூலப் பதிவை வேறாகப் பேணுங்கள். கலவை பிழைத்தால் நாளை வேறொருவர் நல்ல கருவியோடு வந்து திருத்துவார். பாடியவர் மறைந்தபின், அந்தக் குரலை யார் மீண்டும் பாடுவார்?